தேன் ஏறிய நெஞ்சுகள்

மதியச் சாப்பாடு முடிந்து, தட்டு வண்டி தாழ்வாரத்தில் கடகடவென்று உருண்டு போன சத்தம் தேய்ந்து, கைகழுவும் குழாயை யாரோ இறுக்கி மூடிய பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். இதய ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்க வைத்திருக்கும் அந்த அறையில் நான்கு கட்டில்கள் நிறைந்திருந்தன. நான்கு தலைமாட்டிலும் மானிட்டர்கள். ஒவ்வொன்றும் அதனதன் இதயத்துக்கு ஏற்றபடி 'டிங்', 'டிங்' என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தகரக் கூரையில் விழும் மழை மாதிரி முன்னும் பின்னுமாக, ஒழுங்கே இல்லாமல். அந்த ஒழுங்கின்மைதான் இத்தனை வருடமாக அவளுக்கு நிம்மதி. அதைக் கேட்டுக்கொண்டே நின்றபடி அவளால் தூங்கக்கூட முடியும்.

இன்றைக்கு ஒரே ஒரு 'டிங்'தான் கேட்டது.

மற்ற மூன்றின் சத்தத்தையும் யாரோ அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எதிலும் சத்தம் அடைக்கப்பட்டிருக்கவில்லை. லாரி டிரைவர், கணக்கு டீச்சர், தபால்காரர், பேக்கரிக்காரர். நான்கு திரைகளிலும் பச்சைக் கோடு ஒரே கணத்தில் எழுந்தது. ஒரே கணத்தில் விழுந்தது.

அவள் அங்கே மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு ஆளைத் தூங்க வைப்பது, தூக்கத்தில் இதயம் என்ன செய்கிறது என்று எக்கோ ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருப்பது, பிறகு இந்த அறையில் பத்திரமாக எழுப்பிவிடுவது, மூன்றும் அவள் பொறுப்பு. அதனால் பயப்படுவதற்கு முன்னால் காரணம் தேடினாள். இதயத்தை ஒயர் வழியாகத் தட்டி ஓட்டும் பேஸ்மேக்கர் பெட்டிகளை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வைத்திருப்பார்களோ என்று நினைத்தாள். குனிந்து பார்த்தாள். நான்கு பெட்டிகளும் அணைந்து கிடந்தன. ஒயர்களையே கழற்றிப் பார்த்தாள்.

டிங். டிங். டிங்.

"சிஸ்டர், இது எப்போலேருந்து இப்படி?"

ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் தலையைத் தூக்கினாள். "எது மேடம்?"

"சத்தம்."

சிஸ்டர் காது கொடுத்தாள். அவள் முகத்திலிருந்த மத்தியானத் தூக்கம் மெல்ல விலகியது. "அட, ஆமா. நானும் காலைலேருந்து ஏதோ குறையுதேன்னு நெனச்சுட்டே இருந்தேன்."

நான்கு பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நான்கு பேருக்குமே புது மருந்து போயிருந்தது. ஆபரேஷன் முடிந்து, நிறுத்தி வைத்த இதயத்தை மறுபடி ஓட வைக்கும்போது பல இதயங்கள் தடுமாறும். சோர்ந்த இதயம் சுருங்கவே யோசிக்கும். அந்த நேரத்தில் கொடுப்பதற்காக வந்த மருந்து. சின்னக் குப்பியில், இளம் பொன்னிறத்தில், சாய்த்தால் மெதுவாக வழியும். சிஸ்டர்கள் அதற்குத் 'தேன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சியின் பெயரில் நோயாளிகளின் சம்மதம் வாங்கித்தான் கொடுத்தார்கள். தேன் ஏறிய எந்த இதயமும் தோற்கவில்லை. எக்கோவில் அவளே பார்த்தாள். கிழிந்த பை போலத் தொங்கிய இதயங்கள் முஷ்டி மாதிரி இறுகின. எந்த இளைஞனுக்கும் அப்படி ஓர் இறுக்கத்தை அவள் பார்த்ததில்லை.

தலைமை அறுவை மருத்துவரிடம் போய்ச் சொன்னாள். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். கெட்டவர் இல்லை. நோயாளி பிழைத்தால் குழந்தை மாதிரி சிரிப்பவர்.

"ரெண்டு கடிகாரத்தை ஒரே சுவத்துல மாட்டிப் பாரும்மா. கொஞ்ச நாள்ல ஒண்ணா ஆடும்," என்றார். "நல்லா ஓடுற எதுவும் ஒரே மாதிரிதான் ஓடும். கெட்டுப்போனதுதான் ஆளுக்கு ஒரு விதம்."

"இது சுவர்க் கடிகாரம் இல்ல சார்."

"நீ சரியா சாப்பிட்டியா இல்லையா?"

அவள் அறைக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பேக்கரிக்காரர் செத்துப்போனார். மூளையில் ரத்தக்கட்டி. இதய ஆபரேஷனுக்குப் பிறகு எப்போதாவது நடப்பதுதான், யார்மீதும் குற்றமில்லை. எல்லாச் சோதனையும் செய்து, மூளை முழுவதுமாக நின்றுவிட்டது என்று உறுதிப்படுத்தி, அவருடைய மனைவியிடம் சொல்லி, அந்த அம்மா தலையசைத்த பிறகு, மூச்சுக் கருவியை அவள்தான் அணைத்தாள். கட்டிலைச் சுற்றித் திரை. ஸ்பிரிட் வாசனை. கருவித் துருத்தியின் பெருமூச்சு அடங்கியதும் அறையே ஓரடி தள்ளிப் போனது போல் இருந்தது.

மூச்சு நின்றால் இதயமும் சில நிமிடங்களில் ஓயும். முதலில் ஓடும், பிறகு நடக்கும், பிறகு உட்கார்ந்துவிடும். எத்தனையோ முறை அருகில் நின்று பார்த்திருக்கிறாள்.

இது உட்காரவில்லை.

உதடுகள் நீலமாயின. நகங்கள் கறுத்தன. காது மடல்கள் மெழுகு மாதிரி ஆயின. நெஞ்சின் மேல் ஒட்டியிருந்த கட்டு மட்டும் ஏறி இறங்கியது. சீராக. அவசரமில்லாமல். வெகு நேரம் கழித்தும் அப்படியே. வெளியிலிருந்து அவருடைய மனைவி திரைக்குள் எட்டிப் பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். அழுது வீங்கிய கண்களில் திடீரென்று ஒரு வெளிச்சம்.

"டாக்டரம்மா, ஓடுதே! இன்னும் உசிரு இருக்கா?"

அந்த அம்மாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, "இல்லம்மா. அவர் போயிட்டார். அது வெறும் மருந்து," என்றாள். சொன்னதும் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. வெறும் மருந்து.

உள்ளே பெரியவர் வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்றார். அவர் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை.

"பாத்தியா? காத்தே இல்லாம! ரத்தத்துல ஒண்ணுமே இல்லாம!"

"சார், அவர் செத்துட்டார்."

"இதயம் சாகலையே."

"அவர் போன பெறகு இது யாருக்காக ஓடுது?"

பெரியவர் அவளைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார். பிறகு மானிட்டரை அணைத்துவிட்டுப் போனார். உடலைத் துணியால் மூடிய சிஸ்டர், நான்கு ஓரமும் செருகிவிட்டு நிமிர்ந்தாள். "மேடம்," என்றாள், குரல் எழும்பாமல். "துணி தூக்கித் தூக்கிப் போடுது."

அன்று மாலை பிணவறைக்காரர் போன் செய்தார். பேக்கரிக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதுவரை உடலைக் கீழே வைத்திருந்தார்கள். பிணவறைக்காரர் கலகலப்பான மனிதர், "என் வார்டுல கம்ப்ளெயின்ட்டே வராது மேடம்" என்று சொல்லிச் சிரிப்பவர். இன்று சிரிப்பு இல்லை.

"கொஞ்சம் கீழ வந்து பாருங்க டாக்டரம்மா. நான் குடிக்கலை. சத்தியமா குடிக்கலை."

படியிறங்கும்போதே குளிர் கணுக்காலைத் தொட்டது. சுண்ணாம்பும் பினாயிலும் பழைய ஐஸ் பெட்டியின் வாடையும் கலந்த காற்று. குழல் விளக்கு ஒன்று ரீங்கரித்தது. வரிசையாக எஃகு இழுப்பறைகள். அவற்றில் ஒன்றிலிருந்து, வீட்டுக்குள் யாரோ தூங்கிவிட்டார்களா என்று தெரியாமல் கதவை மெல்லத் தட்டுகிறவர் போல, ஒரு சத்தம்.

"மொதல்ல குளிர் மெஷின் கோளாறுன்னு நெனச்சேன்," என்றார் பிணவறைக்காரர், படிக்கட்டிலிருந்து இறங்காமலே. "மெஷினை நிறுத்திப் பாத்தேன். இது நிக்கலை."

அவள் இழுத்துத் திறந்தாள். பயந்தால் திறக்க முடியாது என்று தெரிந்ததால் பயப்படுவதற்குள் திறந்தாள். துணியை விலக்கி உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள். கல்லின் குளிர்ச்சி. அந்தக் கல்லுக்கு அடியில் ஒரு முஷ்டி மூடித் திறந்தது.

மறு கையால் போனை எடுத்து மேலே சிஸ்டரை அழைத்தாள். "போனை மானிட்டர் பக்கத்துல வை. எதுவும் பேசாத."

காதில் 'டிங்'. கையில் 'தொம்'.

காதில். கையில். காதில். கையில். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி கூட இல்லை.

அவளுடைய கோட்டுப் பையில் ஒரு தேன் குப்பி இருந்தது. மறுநாள் நோயாளிக்காக மருந்து அறையிலிருந்து எடுத்து வந்து, மறந்து பையிலேயே போட்டிருந்தாள். இன்னும் குனிந்தபோது பை இழுப்பறை விளிம்பில் உரசிக் கண்ணாடி 'கிளிக்' என்றது.

கையடியில் துடிப்பு தாவியது. நாய் எழுந்து நிற்பது போல.

"மேடம்," போனில் சிஸ்டரின் குரல். "எல்லாருக்கும் வேகம் ஏறுது. மூணு பேருக்கும் ஒண்ணா ஏறுது மேடம்!"

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குப்பியைப் பையிலிருந்து எடுத்து, கையை நீட்டி, தூரமாகப் பிடித்தாள். வேகம் குறைந்தது. அருகே கொண்டுவந்தாள். ஏறியது. மறுபடி தூரம். மறுபடி அருகே. காதிலும் கையிலும் அது கேட்டது, கெஞ்சியது, பிறகு கெஞ்சலை விட்டு, முட்டியது. எஃகுத் தட்டு அதிர்ந்தது. தட்டின் மேல் இறந்தவரின் தலை இப்படியும் அப்படியும் லேசாக ஆடியது, வேண்டும் வேண்டும் என்று குழந்தை அடம்பிடிப்பது போல.

அது கேட்பது குப்பியை அல்ல, குப்பி போய் ஏறப்போகும் அடுத்த நெஞ்சை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் இழுப்பறையை உதைத்து மூடினாள்.

"கிடைக்காது," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடியும் சொன்னாள். "இன்னொரு நெஞ்சு கிடைக்காது."

அடுத்த நாள் காலை ஆம்புலன்ஸில் வந்தது அவளுடைய மாமியார்.

அத்தை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அந்தக் குரல்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மருமகள் செய்த சட்னியில் உப்பு தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று சமையலறை வாசலில் நின்று சொல்வார். மகன் கப்பலில் வேலை பார்த்தான். வருடத்தில் பாதி கடலில். வீட்டில் இவர்கள் இருவர்தான். சண்டை போட்டால் சமாதானம் செய்து வைக்க ஆள் கிடையாது என்பதால் இருவரும் சண்டையே போடுவதில்லை என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அத்தையின் இதய வால்வைப் பிடித்திருந்த நார் அறுந்துபோயிருந்தது. நுரையீரலில் நீர். படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு தோளைத் தூக்கிக்கொண்டிருந்தார். வேறு ஊருக்குக் கொண்டு போக நேரமில்லை. இன்றே வெட்ட வேண்டும். வெட்டக்கூடிய கை பெரியவருடையது மட்டும்தான்.

ஆபரேஷனுக்குத் தயார் செய்யும் அறையில் பெரியவர் வந்து விளக்கினார். முடிவில், "உங்க இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு. ஒரு புது மருந்து இருக்கு," என்றார். அத்தை தலையை ஆட்டி, "என் டாக்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்றார். அவர் போனதும் மருமகளைப் பக்கத்தில் இழுத்தார்.

"உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? சொல்லு."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பைத்தியம் என்று நினைக்கட்டும் என்று சொன்னாள். அத்தை கண்ணை மூடிக் கேட்டார்.

"அதைப் போட்டா பொழைப்பேனா?"

"ஓடும் அத்தை. இதயம் ஓடும்."

"நான் கேட்டது என்னை."

அவள் குனிந்து அத்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"அப்போ வேணாம்," என்றார் அத்தை. மூச்சு வாங்கியது, ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் நடைமேடை முழுக்கக் கேட்கும்படி தெளிவாக வந்தது. "என் இதயம் மக்கர் பண்ணுனா அது என்னோட மக்கர். நின்னா நிக்கட்டும். நான் எறங்கிப் போன பெறகு வண்டி மட்டும் தனியா ஓடக் கூடாது. புரியுதா?"

"புரியுது அத்தை."

"நீதான் உள்ள இருப்பியா?"

"நான்தான் இருப்பேன். வேற யார் வந்தாலும் விடமாட்டேன்."

"அப்புறம் என்ன. தூங்க வை. கனவுல உன் மாமனார் வந்தா ரெண்டு திட்டு பாக்கி இருக்கு."

நெஞ்சு திறந்தது. இதயத்தை நிறுத்தினார்கள். பம்ப் என்று அவர்கள் அழைக்கும் பெரிய இயந்திரம் இதயத்தின் வேலையை எடுத்துக்கொள்ள, பம்ப்காரர் அதன் முன் முக்காலியில் உட்கார்ந்து குழாய்களில் சுழலும் ரத்தத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவரின் விரல்கள் அழகாக வேலை செய்தன. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புது வால்வு உட்கார்ந்தது. ரத்தம் வராமல் பெரிய குழாயை அடைத்திருந்த கவ்வியை எடுத்தார்கள். சூடான ரத்தம் இதயத் தசைக்குள் பாய்ந்தது.

எக்கோ திரையில் அவள் பார்த்தாள். சாம்பல் நிறச் சுவர்கள் நடுங்கின. ஒரு சுருக்கம். நீண்ட யோசனை. அரைச் சுருக்கம். பம்ப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் சரிந்தது. கூட்டினார்கள். மறுபடி குறைத்தார்கள். மறுபடி சரிந்தது.

"தேன் குடு," என்றார் பெரியவர்.

"நோயாளி வேணாம்னு சொல்லிட்டாங்க."

"நோயாளி தூங்கறாங்க. நான் சொல்றேன்."

"தூங்கறவங்க சொன்னதைத்தான் முழிச்சிருக்கறவங்க காப்பாத்தணும் சார். பழைய மருந்தெல்லாம் இருக்கு, அதைக் குடுக்கறேன். பம்ப்ல வெச்சு இன்னும் கொஞ்சம் ஓய்வு குடுப்போம்." அவள் திரும்பினாள். "தாங்குமா?"

பம்ப்காரர் பெரியவரைப் பார்க்கவில்லை. "தாங்கும் மேடம். நான் எங்கயும் போகலை."

"உன் மாமியார் இந்த மேஜையிலயே போயிடுவாங்க," என்றார் பெரியவர். அவர் குரலில் கோபத்தை விட நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் அவளை ஆட்டியது. ஒரு கணம் அவள் கை தானாக மருந்துத் தட்டுக்குப் போனது. குப்பி அங்கே இருந்தது. பொன்னிறமாக. இளஞ்சூடாக. அவள் விரல்கள் அதைச் சுற்றி மூடின.

சுவருக்கு அப்பால், மற்ற மூவரும் கிடந்த அறையில், மானிட்டர் மணிகள் வேகமெடுத்தன.

டிங்டிங்டிங்டிங்.

ஆபரேஷன் அறையில் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. கீழே, பிணவறை இருந்த இடத்திலிருந்து, ஒரு முட்டல். இன்னொன்று. கருவித் தட்டில் கத்தரிக்கோல்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. விளக்கு அப்படியே எரிந்தது. குளிர்காற்று அப்படியே வீசியது. சத்தம் மட்டும் நெருங்கியது. எல்லாப் பக்கத்திலிருந்தும்.

குடு. குடு. குடு. குடு.

அப்படித்தான் அவள் காதில் விழுந்தது.

"மாட்டேன்," என்றாள்.

குப்பியைத் தரையில் அறைந்து, செருப்புக் காலால் நசுக்கினாள். கண்ணாடி நொறுங்கியது. இனிப்பான, அழுகிய பழ வாசனை.

எல்லாம் நின்றது. சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. தரைக்கு அடியிலும் இல்லை. அந்த மௌனத்தில் அவள் கேட்டது பம்ப் சுழலும் முனகலையும், தன் மூச்சையும்தான். பிறகு, எக்கோ திரையில், சாம்பல் சுவர்கள் ஒருமுறை சுருங்கின. ஒரு தடுமாற்றம். மறுபடி ஒன்று. சின்ன ஓட்டம். இடைவெளி. ஒன்று. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு வருகிற ஆள் மாதிரி, அதன் பாட்டுக்கு, யாருடனும் சேராமல்.

"அழுத்தம் ஏறுது," என்றார் பம்ப்காரர். குரல் உடைந்திருந்தது. "மேடம், ஏறுது."

பெரியவர் தரையில் நொறுங்கிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார். "இன்னியோட உன் வேலை இங்க முடிஞ்சுது," என்றார் கடைசியில்.

"சரி சார். தையல் போடுங்க."

சுவருக்கு அப்பால் மணி மறுபடி தொடங்கியிருந்தது. ஒரே மணி. நிதானமாக.

அத்தையை நான்கு கட்டில் அறைக்குக் கொண்டுவந்த பிறகு, மறுநாள் மாலை வரை அவள் அந்த அறையை விட்டு நகரவில்லை. வேலை போனவர்கள் உள்ளே இருக்கக் கூடாது என்று யாரோ வந்து சொன்னார்கள். "நோயாளியோட மருமகள் இருக்கலாமில்ல?" என்று கேட்டாள். வந்தவர் போய்விட்டார். ஜன்னலே இல்லாத அறை. பகலும் மாலையும் ஒரே வெள்ளை வெளிச்சத்தில் கரைந்துபோகும். அத்தையின் கட்டில் ஓரத்தில், சுவரை ஒட்டி. எதிரே லாரி டிரைவர், டீச்சர், தபால்காரர். மூன்று பேருக்கும் கண் மூடியிருந்தது. எழுந்திருக்க வேண்டிய நாள் கடந்தும் எழுந்திருக்கவில்லை. மூச்சுக் கருவி மூவருக்காகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அத்தைக்குத் தொண்டையிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்ததும் முதல் சொல் கரகரத்து வந்தது. "ஸ்டேஷன் வந்துடுச்சா?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். "வந்துடுச்சு அத்தை. லேட்டு. ஆனா வந்துடுச்சு."

"உன் மாமனார் வரவே இல்ல. பயந்துட்டார்." அத்தை உதட்டை நனைத்துக்கொண்டார். பிறகு கண்கள் மருமகளைத் தாண்டிப் போயின. "ஏம்மா, இவங்க எல்லாம் ஏன் என்னையே பாக்குறாங்க?"

அவள் திரும்பினாள்.

மூன்று பேரின் கண்களும் மூடித்தான் இருந்தன. ஆனால் மூன்று தலைகளும் தலையணையில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. ஒரே கோணத்தில். மூன்று கட்டுகளும் ஒரே நேரத்தில் ஏறின. இறங்கின.

ரத்தப் பை எடுத்து வர சிஸ்டர் வெளியே போயிருந்தாள். கதவு அறையின் மறுகோடியில். அத்தையின் கட்டிலிலிருந்து நான்கு குழாய்கள், இரண்டு ஒயர்கள், மருந்து ஏற்றும் ஒரு சின்னப் பம்ப். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டுமானால் அவர்கள் மூவரையும் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் எழுந்து திரையை இழுத்தாள். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. வெளிர் நீலத் துணி. அதற்குள் இருவர்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை. வெளிச்சம் கண்ணைக் குத்துது."

அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடியது; தவறியது; ஓடியது. அதன் இஷ்டத்துக்கு.

வெளியே ஏதோ ஒன்று இழுபட்டது. பிறகு 'பொத்'தென்று ஒரு மூச்சுக் குழாய் தரையில் விழுந்தது. காற்று சீறியது. இன்னொன்று. இன்னொன்று. மானிட்டர்கள் மூன்றும் நீண்ட ஒற்றைக் குரலில் ஊளையிட்டன. ஒயர் கழன்றால் வரும் ஊளை. அதற்கு அடியிலும் அந்தத் துடிப்பு கேட்டது. இயந்திரம் எதுவும் இல்லாமல். காற்றில்.

தொம்.

திரைக்குக் கீழே பாதங்கள் தெரிந்தன. வெறும் பாதங்கள். இதயத்தில் ஒட்டுவதற்கு ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் முழங்கால் வரை கட்டுப் போட்ட கால்கள். ஒரு ஜோடி. மூன்று ஜோடி. யாரும் நடந்து வந்த சத்தம் கேட்கவில்லை. நின்றன. விரல்கள் இந்தப் பக்கம் பார்த்து.

தொம்.

"சிஸ்டர்!" என்று கத்தினாள். ஊளை அதை விழுங்கியது.

திரை உள்ளே புடைத்தது. நெஞ்சு உயரத்தில். ஒரு முஷ்டி அளவுக்கு. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. கைகள் இல்லை. கைகளால் யாரும் தொடவில்லை. நெஞ்சுகளைத்தான் துணியில் வைத்து அழுத்தினார்கள். புடைப்புகள் மூடின. திறந்தன. மூடின.

அவள் விரல்களுக்கு அடியில் அத்தையின் நாடி ஒருமுறை அவற்றோடு சேர்ந்தது.

விலகியது.

மறுபடி சேர்ந்தது.

"அத்தை. என்னைப் பாருங்க. அதைக் கேக்காதீங்க. பேசுங்க. ஏதாவது அறிவிப்பு சொல்லுங்க."

அத்தை திரையைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தையல் போட்ட நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கரகரத்த குரலில், நடைமேடையே கேட்கும்படி தொடங்கினார். "பயணிகளின்... கனிவான... கவனத்திற்கு..."

நாடி தவறியது. நல்லா தவறட்டும். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எழுந்து நின்றாள். கட்டிலுக்கும் திரைக்கும் நடுவே. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் துணி அடித்துக்கொண்டது. ஈரமான, இனிப்பான வாசனை.

"இது எங்களுது," என்றாள். "குடுக்க மாட்டேன். போங்க."

யாரும் போகவில்லை.

வெளிர் நீலத் துணியில், மூன்று இடத்தில், நெட்டுக்குத்தாக மூன்று சிவப்புக் கோடுகள் ஊறி வந்தன. தொண்டைக் குழியிலிருந்து நடு நெஞ்சு வரை. எலும்பைக் கட்டியிருந்த கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம். கோடுகள் அகன்றன. அவள் கண்ணை மூடவில்லை. ஒரு கையில் அத்தையின் மணிக்கட்டு. முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல், விடாமல். கண்ணுக்கு எதிரே மூன்று சிவந்த வாய்கள், துணியை உள்ளே இழுத்தன, வெளியே தள்ளின, உள்ளே இழுத்தன.